பௌர்ணமிப் பூஜ்யங்கள்

என் முழங்காலில் ஏற்றியது வெறும் உப்புத்தண்ணீர் என்று போன மாசி மாதம் சொன்னார்கள். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, இனிமேல் சொல்லலாம் என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அதில் என் எண்ணுக்கு நேராக அப்படித்தான் போட்டிருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆறு மாதமாகத் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "ஊசின்னா இதுதான் ஊசி" என்று காலை நீட்டி மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தவள் நான். கீரைக்காரம்மாவைக்கூட விடவில்லை.

அந்தக் கோபம் கிடக்கட்டும். அது மானம் போன கோபம், இரண்டு நாளில் ஆறிவிட்டது. நான் எழுத உட்கார்ந்தது அண்ணியின் நோட்டைப் பற்றி. அந்த நோட்டில் இருப்பது முழுக்க என் கையெழுத்து. அதனால் இதையும் நான்தான் எழுத வேண்டும்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கழனியே கதி என்று இருந்தவள். என் கணவர் சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தபோது எனக்கு ஒத்தாசைக்கு வந்தாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. அவள் மகன் வந்து கூப்பிட்டதற்கு, "இவளை விட்டுட்டு எப்படிடா வர்றது? தனியா இருந்தா சுவத்தோட சண்டை போடுவா" என்றாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வந்த தெருக்களில் ஒன்றில் வீடு. மொட்டை மாடிக்குப் போனால் அண்ணாமலையார் மலை தெரியும். ஆனால் இரண்டு பேருக்குமே முட்டி வலி, மாடி ஏறுவது யார்?

நான் அதே கலெக்டர் ஆபீசில் முப்பது வருஷம் மனு வாங்கும் பிரிவில் இருந்தவள். திங்கட்கிழமை ஆனால் மனுதாரர்கள் வாசல் வரை நிற்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதிக் கொடுப்பேன். வேலைக்குச் சேர்ந்த அன்று மேலதிகாரி எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மனுதாரர் சொல்வதை எழுது, உன் அபிப்பிராயத்தை எழுதாதே. முப்பது வருஷமும் அதை மீறினதில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் இந்தப் பழக்கம்தான் அண்ணிக்கு எமனாக வந்தது.

என் கணவருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. முப்பத்தாறு பௌர்ணமி மலை சுற்றுவது. எதற்காக என்று எனக்குத் தெரியாது. மனை வாங்குவதற்காக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவருக்கு ஒரு நண்பர் கூட்டம் இருந்தது. எல்லாரும் வழியெல்லாம் வடையும் டீயுமாக ஊர்க்கதை பேசிக்கொண்டு போய் வருவார்கள் என்பது என் கணக்கு. முப்பத்தொன்று முடித்தார். பிறகு படுத்தவர் எழவில்லை. கடைசி வாரத்தில் அண்ணியைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அக்கா, அஞ்சு நின்னுபோச்சு" என்றார். "நான் முடிக்கிறேன்டா, நீ நிம்மதியா இரு" என்று அண்ணி தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்து கொடுத்தாள்.

சத்தியம் செய்தாளே தவிர கால் ஒத்துழைக்கவில்லை. வாழ்நாள் பூராவும் நடவு நட்டு, களை பிடுங்கி, மல்லாட்டைச் செடியில் கடலை பறித்துத் தேய்ந்த முட்டி. கோயில் வாசல் வரை நடந்தாலே கிண்ணம் மாதிரி வீங்கிவிடும். மலையைச் சுற்றி வர பதினாலு கிலோமீட்டர், அதுவும் வெறுங்கால். இரண்டு வருஷமாக ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வாசலில் வந்து நின்றுகொண்டு, பஸ் பஸ்ஸாக வந்திறங்கும் வெளியூர்க் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "எங்கெங்கேயோ இருந்து வர்றாங்க. நான் மலையடியில குந்திக்கினு இருக்கேன்" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் வயசானவர்களுக்கு முட்டியில் ஊசி போட்டுப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். சென்னையிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். பாதிப் பேருக்கு வீக்கத்தைக் குறைக்கும் மருந்து, பாதிப் பேருக்கு உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும். போடுகிற டாக்டருக்கே தெரியாது, ஆறு மாதம் கழித்துத்தான் சொல்வார்கள். இதையெல்லாம் எங்களுக்கு விளக்கிச் சொன்னவள் அந்த ஆராய்ச்சிக்கென்று வேலைக்கு வைத்திருந்த பெண். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். இந்த ஊர்க்காரிதான். சம்மதப் படிவம் பதினோரு பக்கம். ஒரு பக்கம் விடாமல் வாசித்துக் காட்டினாள். நான் ஆபீஸ்காரி புத்தியோடு வரிக்கு வரி கேள்வி கேட்டேன். அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இந்த ஊசி போட்டுக்கினா நடக்க முடியுமாம்மா?"

"நல்லா நடக்கணும்னுதானேம்மா இவ்வளவும்" என்று அந்தப் பெண் சிரித்தாள். அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஆவணி மாதம், ஒரே நாளில் இரண்டு பேருக்கும் ஊசி. மருந்தின் நிறம் தெரியாமலிருக்க சிரிஞ்சைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டியிருந்தார்கள். வலி தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. "ரொம்ப தூரம் நடக்காதீங்க, பாரம் தூக்காதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு, அன்றைய வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. ஏழுக்கு மேல் போனால் உடனே போன் பண்ண வேண்டும். இது முக்கியம், மறக்கக் கூடாது என்று அந்தப் பெண் அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தாள்.

அண்ணி அஞ்சாவது படித்தவள். எழுத வரும், ஆனால் கண் மங்கல். "நீயே போட்டுடும்மா, நான் சொல்றேன்" என்றாள். அப்படித்தான் அவள் நோட்டு என் கைக்கு வந்தது.

ஒரு வாரத்தில் இரண்டு பேருக்கும் வலி குறைந்தது. எனக்கு ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. அண்ணிக்கு எட்டிலிருந்து மூன்று. நான் வெட்கமில்லாமல், "எனக்குத்தான் மருந்து, உங்களுக்குத் தண்ணிதான் அண்ணி. நான் இறங்கறதைப் பார்த்து உங்களுக்கும் இறங்குது" என்று சீண்டினேன். "தண்ணியோ பாலோ, கால் மடங்குது பாரு, அது போதும்" என்றாள். மறுநாள் சுவரில் தொங்கும் தினக்காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கிட்டே வைத்துத் தாள் தாளாகப் புரட்டினாள். பௌர்ணமி என்றைக்கு என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"டாக்டர் என்ன சொன்னார்? ரொம்ப தூரம் நடக்கக் கூடாதுன்னாரா இல்லையா?" என்றேன்.

"நடக்கத்தான் கூடாதுன்னார். மலை சுத்தக் கூடாதுன்னு எங்கே சொன்னார்?"

இதை அவள் குதர்க்கமாகச் சொல்லவில்லை. மனசார அப்படித்தான் நம்பினாள். அவளுக்கு நடை வேறு, கிரிவலம் வேறு. நடப்பது கடைக்கு, கழனிக்கு. மலை சுற்றுவதை அவள் நடையில் சேர்க்கவே இல்லை.

ஆவணிப் பௌர்ணமிக்குச் சாயந்திரம் மூன்று மணிக்குக் கிளம்பிப் போனவள் ராத்திரி வந்து சேர்ந்தாள். மறுநாள் சாயந்திரம் இரண்டு நாளுக்கும் சேர்த்து எழுத நோட்டை எடுத்தேன். அவள் நாற்காலியைப் பிடித்துப் பிடித்து வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து எவ்வளவு அண்ணி?"

"சைபர் போடு." அவள் காலத்து ஆட்கள் பூஜ்யத்தை அப்படித்தான் சொல்வார்கள்.

"சைபரா? கண் எதிரே நொண்டிக்கினு வர்றீங்க! யார்கிட்ட கதை அளக்கறீங்க?"

"வலி இல்லேன்னு யார் சொன்னா? வலிச்சுது. அது சாமிக்கு நடந்த வலி, அவருக்குக் கொடுத்தாச்சு. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கினு போய் டாக்டர்கிட்ட காட்டுவாங்களா? அப்புறம் நான் நடந்ததுக்கு இன்னா அர்த்தம்?"

எத்தனையோ விதமான மனுக்களைப் பார்த்திருக்கிறேன். கஷ்டத்தைக் கூட்டிச் சொல்கிறவர்கள்தான் ஜாஸ்தி. ஓட்டை ஒழுகினால் வீடே இடிந்துவிட்டது என்று எழுதச் சொல்வார்கள். கஷ்டத்தை இல்லை என்று எழுதச் சொன்ன மனுதாரர் இவள் ஒருத்திதான். பேனாவைத் திறந்தேன். பிறகு பூஜ்யம் போட்டேன். சொல்வதை எழுது, உன் அபிப்பிராயத்தை எழுதாதே. மனசாட்சி உறுத்தியதா என்றால் உறுத்தியது. ஆனாலும் போட்டேன்.

மற்ற நாட்களில் அவள் ஒளிக்கவில்லை. மூன்று என்பாள், நாலு என்பாள். கறாராகத்தான் சொன்னாள். பௌர்ணமி வலிக்குத்தான் அந்தச் சட்டம். புரட்டாசியில் மலை சுற்றிய வலி மூன்று நாள் நின்றது. மூன்று நாளும் பூஜ்யம். "அதே வலிதானே இன்னும் இருக்குது, அதுவும் அவருடையதுதான்" என்றாள். ஐப்பசியில் மழையில் நனைந்துகொண்டே சுற்றினாள். அந்தத் தடவை ஒரு வாரம் பூஜ்யம். கால் கெடக் கெட நோட்டு நன்றாகிக்கொண்டே வந்தது.

மாதா மாதம் நோட்டைக் காட்டப் போவோம். அந்தப் பெண் பக்கங்களைப் பார்த்துவிட்டு, "சூப்பர்மா! போன மாசத்தைவிட நல்லா கம்மியாகியிருக்கு" என்று அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்குவாள். அண்ணி பொக்கைவாய் தெரியச் சிரிப்பாள். பக்கத்தில் நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணி ஏற்கெனவே என்னிடம் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள்: "சொன்னியானா சுத்தக் கூடாதுன்னுடுவாங்க. இன்னும் ரெண்டுதானேம்மா. முடிச்சிட்டு நானே சொல்றேன்." எல்லாமே பக்தி என்று நான் சொல்ல மாட்டேன். பயமும் இருந்தது. அவளுக்குத் தடுத்துவிடுவார்களே என்ற பயம். எனக்கு, அவள் முகம் வாடுமே என்ற பயம்.

கார்த்திகைத் தீபம் வந்தது. ஊரில் கால் வைக்க இடமில்லை. வேங்கிக்கால் வரை பஸ்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். இந்தத் தடவை வேண்டாம், கூட்டத்தில் விழுந்துவிடுவீர்கள் என்று சண்டையே போட்டேன். தட்டை ஓங்கி வைத்தேன். அவளுக்காகக் காய்ச்சிய காபியை நானே குடித்தேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விடிகாலையில் கிளம்பிவிட்டாள். வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து மலை உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைக் கும்பிட்டாள். "ஒண்ணுதான் பாக்கி" என்றாள். முட்டியைப் பார்த்தேன். தோல் பளபளவென்று வீங்கி, தொட்டால் கொதித்தது. அன்றைக்கும் பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம்.

அதற்கடுத்த நாள் காலையில் சமையலறையிலிருந்து பின்பக்கம் இறங்கும் ஒற்றைப் படியில் காலை வைத்தாள். கத்தக்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் என் தோளை நகம் பதியப் பிடித்தாள். எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. தினமும் கேட்டுப் பழகிய வாய், அதுவே வந்தது.

"எவ்வளவு அண்ணி?"

"பத்து" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த எண்ணை அன்றுதான் முதலில் கேட்டேன்.

முட்டிக்குக் கீழே எலும்பில் கீறல் விட்டிருந்தது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார் டாக்டர். ஒரே நாளில் வந்ததில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கிறது, வலி கண்டிப்பாக இருந்திருக்கும் என்றார். அவசரம் என்பதால் அண்ணிக்கு மட்டும் சீட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். அவளுக்குப் போட்டது மருந்துதான். "மருந்து முதல்ல வலியைக் குறைச்சிருக்கு, அந்தத் தைரியத்துல நடந்திருக்காங்க. இது மருந்தாலயா, நடையாலயா, வயசாலயான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ரெண்டு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்கலாம்" என்றார். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது. அப்புறம் முட்டி மாற்று ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம். மலை சுற்றுவதை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்தப் பெண் வெளியே பெஞ்சில் அண்ணியின் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கம் பக்கமாகத் திருப்பினாள். "முந்தாநாள் ஜீரோ, அதுக்கு மறுநாளும் ஜீரோ. எப்படிம்மா?" என்றாள். நான் சொன்னேன். சாமிக்குக் கொடுத்த வலி, திருப்பிக் கேட்கக் கூடாது என்று அண்ணி சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் எழுந்து போய்ச் சுவரில் இருந்த காலண்டரோடு நோட்டை வைத்துப் பார்த்தாள். பிறகு ஓர் அலமாரியைத் திறந்து வேறு ஆட்களின் நோட்டுகளை எடுத்துப் பார்த்தாள். இன்னும் சில பேரின் நோட்டுகளிலும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பூஜ்யம் இருந்தது.

"நானும் இந்த ஊர்தான்மா. எங்கம்மாவும் சுத்தறவங்கதான். எனக்கு ஏன் இது தோணவேயில்லை?" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதாள். அழுகையில் நடிப்பில்லை, மூக்கெல்லாம் சிவந்துபோயிற்று. சென்னை டாக்டர்களிடம் அன்றே போனில் பேசினாள். அடுத்த வாரம் எல்லா நோட்டிலும் புதிதாக ஒரு கட்டம் சேர்த்து அச்சடித்து வந்தது. இன்று மலை சுற்றினீர்களா? சுற்றியதால் வந்த வலியையும் சேர்த்தே எழுதவும்.

நான் வார்டுக்குள் போனேன். அண்ணி காலில் நீளமாகக் கட்டுப் போட்டு, மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. காலுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணு நின்னுபோச்சே" என்றாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. "என்ன பெரிய ஒண்ணு? கால் போச்சு, இன்னும் ஒண்ணு ஒண்ணுன்னு! உங்க தம்பி ஒரு மனைக்காக வேண்டிக்கிட்டார். மனையும் வாங்கியாச்சு, வீடும் கட்டியாச்சு, ஆளும் போயாச்சு. அதுக்குப் போய் காலைக் கொடுத்துட்டு வந்து படுத்திருக்கீங்களே!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "மனைக்கா? யார் சொன்னா உனக்கு?" என்றாள். "உனக்கு வயித்துல கட்டி எடுத்தாங்களே, வேலூர்ல. உள்ளே கொண்டுபோய் ரொம்ப நேரமாச்சு, ஒருத்தரும் வெளியே வந்து ஒண்ணும் சொல்லல. இவன் பெஞ்சை விட்டு எழுந்து, நம்ம மலை எந்தத் திக்குன்னு அங்கிருந்த ஒருத்தரைக் கேட்டு, அந்தப் பக்கமா திரும்பி நின்னு வேண்டிக்கினான். நான் கூடவே இருந்தேன். அவ உசிரோட வந்தா முப்பத்தாறு பௌர்ணமின்னான். உன்கிட்ட சொல்லாதேன்னுட்டான். சொன்னா நீ திட்டுவியாம்."

திட்டியிருப்பேன். அதுதான் கொடுமை. ஆயிரம் கேட்டிருப்பேன், யாரைக் கேட்டு வேண்டிக்கிட்டீங்க, லீவு எத்தனை நாள் போகும், பனியில் இருமல் வராதா என்று. நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். அவருடைய முப்பத்தொரு பௌர்ணமியும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. விடிகாலையில் வீட்டுக்கு வருவார். நான் துடைத்து வைத்த தரையில் செம்மண் கால் படுமே என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பேன்: "காலைக் கழுவிட்டு உள்ளே வாங்க." அவர் வெளிக்குழாயில் கழுவிக்கொண்டு வருவார். முப்பத்தொரு தடவையில் ஒரு தடவைகூட, கால் வலிக்கிறதா என்று நான் கேட்டதில்லை. அதை நினைத்து அன்று வாய்விட்டு அழுதேன். அண்ணிதான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

"அந்த ஒண்ணை நான் சுத்தறேன்" என்றேன்.

"உனக்கா? நீ ஒரு தடவையாவது சுத்தியிருக்கியா?"

இல்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூட இல்லை.

ஆனால் நான் திருட்டுத்தனமாகப் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே போன் பண்ணி, "நான் மார்கழிப் பௌர்ணமிக்கு மலை சுத்தப் போறேன், எழுதிக்கோ" என்றேன். அவள் பதறிப்போய் டாக்டரைக் கேட்டாள். டாக்டர் என் முட்டியையும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து போனால் போகலாம், முடியாவிட்டால் ஆட்டோ பிடித்துவிட வேண்டும் என்றார். சரி என்றேன். எனக்கு அப்போது என் காலுக்குள் இருப்பது மருந்துதான் என்று அசைக்க முடியாத நம்பிக்கை.

மார்கழிப் பௌர்ணமி மறுநாள் மத்தியானம் வரை இருந்தது. அதனால் கூட்டம் வடிந்த பிறகு, மறுநாள் காலை ஐந்து மணிக்கு ராஜகோபுரத்துக்கு எதிரே செருப்பைக் கழற்றினேன். தார் ரோடு சில்லென்றிருந்தது. சுற்றுவழியில் எட்டு லிங்கக் கோயில்கள். அக்னிலிங்கம் வரைக்கும் இதென்ன பிரமாதம் என்று நடந்தேன். ஆசிரமத்தைத் தாண்டிச் செங்கம் ரோட்டில் போகும்போது, காபிக்கடையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரி ஒருத்தி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். நிருதிலிங்கத்தில் முட்டி பேச ஆரம்பித்தது. ஒவ்வொரு லிங்கத்திலும் உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போதெல்லாம் யாராவது கை கொடுத்தார்கள், என் கணவரையோ என்னையோ தெரியாதவர்கள்.

அடி அண்ணாமலைக்கு வந்தபோது இனி ஓர் அடி வைக்க முடியாது என்று நின்றுவிட்டேன். வெயில் ஏறியிருந்தது. சிறு கல் ஒவ்வொன்றும் பாதத்தில் குத்தி, வலி முட்டி வழியாக இடுப்புக்கு ஏறியது. ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. "அம்மா, ஏறிக்கிறீங்களா? முகம் சரியில்லையே" என்றார் ஓட்டுகிறவர். டாக்டருக்கு வாக்குக் கொடுத்தது ஞாபகம் வந்தது. ஏறியிருக்க வேண்டியவள்தான். அந்த ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மலை என் வலது பக்கத்தில் அசையாமல் இருந்தது. இவருக்கும் இங்கே இப்படித்தானே வலித்திருக்கும்? வடை தின்னவா வந்தார் மனுஷன்? அண்ணி இந்த இடத்தை நாலு தடவை தாண்டியிருக்கிறாள், கீறல் விட்ட எலும்போடு.

"நீ போப்பா, நான் மெதுவா வந்துடறேன்" என்றேன்.

ஒரு மணி நேரம் அங்கேயே வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். வாயுலிங்கம், குபேரலிங்கம், ஈசான்யலிங்கம். பௌர்ணமி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று மணியைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். ஒருவழியாகக் கோபுர வாசலுக்கு வந்து, கற்பூரம் ஏற்றி, "முடிச்சாச்சுங்க" என்றேன். சாமியிடம் சொன்னேனா அவரிடம் சொன்னேனா தெரியாது. முப்பத்தாறு.

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் பழக்கதோஷத்தில் வெளிக்குழாய்க்குப் போனேன். உள்ளேயிருந்து அண்ணி சத்தம் போட்டாள். "காலைக் கழுவாதே! அப்படியே உள்ளே வா!" கூடத்தில் கட்டிலைப் போட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டி, வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் துடைத்து வைத்த தரையில் செம்மண் தடம் பதியப் பதிய நடந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நானும் அழுதேன்.

சாயந்திரம் ஆறு மணிக்கு நோட்டு எழுத எழுந்தேன், காலை ஊன்ற முடியவில்லை. "நீ இரு" என்று அண்ணி என் நோட்டைத் தானே எடுத்து, கண்ணாடியை மாட்டி, பேனாவைத் திறந்தாள். புதுக் கட்டத்தில் மலை சுற்றினீர்களா என்பதற்கு நேரே எழுத்துக் கூட்டி ஆமாம் என்று எழுதினாள்.

"எவ்வளவு?" என்றாள்.

முப்பது வருஷம் மனு வாங்கியவள் நான். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள். முட்டி இரண்டும் நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த வலியை எடுத்து எழுதக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அது என்னுடையதாக இல்லை, அவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

"சைபர் அண்ணி" என்றேன்.

அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "அது அவனுக்கு. அவன்கிட்ட போய்ச் சேர்ந்துடுச்சு, யாரும் திருப்பி எடுக்க மாட்டாங்க. இது அந்தப் பொண்ணுக்கு. என்னால அவ அழுதா. உள்ளதைச் சொல்லு, எவ்வளவு?"

"எட்டு."

எட்டு என்று கோணல்மாணலாகப் போட்டாள். ஏழுக்கு மேல் என்பதால் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் அந்தப் பெண்ணின் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டிருக்கும்போது, தைலப் புட்டியைத் திறந்து, கழுவாத என் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.